மத்தியான வாட்டம்: மிளகாயும் வெங்காயமும் தண்ணியை எங்க விடுது, எவ்வளவு இறைக்கோணும்?

செம்பாட்டான்

நட்டு 45 நாள் மிளகாய், 2 பரப்பு (காணி அளவு). பக்கத்தில சின்ன வெங்காயம் 3 பரப்பு. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண், கிணத்துத் தண்ணி, வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குப் பாத்தி மாறுறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடிச்சதிலயிருந்து மத்தியானம் 12 மணிக்கே மிளகாய் இலை தொங்குது. விடிய இறைச்ச பாத்தியிலயும் அப்பிடித்தான். பின்னேரம் 5 மணிக்குப் பிறகு நிமிருது. ஆனால் ஒரு மூலையில பதினைஞ்சு கன்று இரவிலயும் நிமிருதில்லை.

கேள்வி மூண்டு. மத்தியானம் ஒருக்கா தண்ணி விடலாமோ? இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேசா இறைக்கிறது, அது காணுமோ? இலையால போற தண்ணியைக் குறைக்க ஏதும் அடிக்கலாமோ?

உயிரியல்_வாத்தி

நிமிர்கிற கன்றையும் நிமிராத கன்றையும் பிரித்தே பார்க்க வேண்டும். நான் நிமிர்கிறதைப் பற்றிச் சொல்கிறேன்.

இலையில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன, இலைவாய்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவற்கலங்கள். வெளிச்சம் பட்டதும் அந்தக் கலங்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், பின்னால் தண்ணீரும் போகும், கலம் புடைக்கும், வாய் திறக்கும். திறப்பது தண்ணீரை விடுவதற்காக அல்ல, காபனீரொட்சைட்டை எடுப்பதற்காக. ஆனால் திறந்த வாயால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போவதைத் தடுக்க வழியில்லை. மிளகாய் போன்ற பயிர் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறை எடுக்கும் நேரத்துக்குள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகளை இழக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் இப்படியே காற்றோடு போய்விடும். உடம்பில் தங்குவது மிகச் சொற்பம்.

எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைத் தீர்மானிப்பது வெக்கை மட்டும் அல்ல. இலைக்குள் காற்று எப்போதும் ஈரத்தால் நிறைந்திருக்கும். வெளிக்காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு இழுக்கும். விடியற்காலை 26 பாகை, ஈரப்பதன் 90 வீதம் என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியமுக்க வித்தியாசம் ஏறத்தாழ 0.3 கிலோபஸ்கால். மத்தியானம் 32 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால் 1.9. வெப்பநிலை 6 பாகைதான் ஏறியது, இழுவை ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதற்கு மேல் சோளகம். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றுப் படையை அது துடைத்துக்கொண்டே இருக்கும்.

மண்ணில் தண்ணீர் இருந்தாலும் அந்த வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்காது. அதுதான் உங்கள் மத்தியான வாட்டம். பின்னேரம் இழுவை குறைய வேர் எட்டிப் பிடித்துவிடும். அதற்காக மத்தியானம் தண்ணீர் விட வேண்டியதில்லை. விடிய 6 மணிக்குப் போய்ப் பாருங்கோ. அந்த நேரத்திலும் தொங்கினால்தான் மண்ணில் தண்ணீர் இல்லை, அல்லது வேரில் பழுது.

துலாமிதி

நிமிராத பதினைஞ்சுக்கும் தண்ணி விட்டு விட்டு அலுக்காதேங்கோ தம்பி. முதல்ல ஏன் எண்டு பார்க்கோணும். ஒரு கன்றை மண்வெட்டியால கிளப்பிப் பாருங்கோ, இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்து ஒண்டும் தெரியாது.

வேரில முடிச்சு முடிச்சாக் கிடந்தால் வட்டப்புழு. வேர் கறுத்து, தோல் வழண்டு, மணந்தால் தண்ணி தேங்கி மூச்சு முட்டினது. மண்ணில ஒட்சிசன் இல்லாட்டில் வேர் தண்ணியை எடுக்காது, தண்ணிக்குள்ள நிண்டே வாடும். மாரியில பெருமழைக்குப் பிறகு கத்தரி வாடுறதும் இதாலதான். ஆக்கள் அதைப் பார்த்திட்டு இன்னும் விடுவினம்.

வேர் நல்லா இருந்தால் தண்டை நிலத்திலயிருந்து ஒரு சாண் உயரத்தில வெட்டி, வெட்டின முனை தொடுமாப்போல ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணிக்குள்ள தொங்க விடுங்கோ. ஆட்டாமல் 5 நிமிசம். வெள்ளை நூல் போலப் பால் இறங்கினால் பற்றீரியா வாடல். தண்ணி போற குழாய்களை அந்தக் கிருமி அடைச்சுப்போட்டுது எண்டு அர்த்தம். இறங்காட்டில் கழுத்தைப் பாருங்கோ. மண் மட்டத்தில வெள்ளைப் பூஞ்சணமும் கடுகு மாதிரி மண்ணிறக் குண்டுகளும் இருக்கோ?

செம்பாட்டான்

ரெண்டு கன்று கிளப்பினன். முடிச்சு இல்லை. கிளாசில பால் இறங்கேல்லை. கழுத்தில நீங்கள் சொன்ன வெள்ளையும் குண்டும் இருக்கு, முதல்ல வெள்ளைக் குண்டு, பிறகு மண்ணிறம். தோலைச் சுரண்டினால் உள்ளுக்கு அழுகல்.

துலாமிதி

கழுத்தழுகல். வேர் உறிஞ்சுது, இலை கேக்குது, இடையில பாதை அழிஞ்சு போச்சு. எவ்வளவு இறைச்சாலும் மேல ஏறாது.

வாடின கன்றைச் சுத்தி ஒரு சாண் மண்ணோட சேர்த்துக் கிளப்பி, சாக்கில போட்டுத் தோட்டத்துக்கு வெளிய கொண்டு போய் எரியுங்கோ. வரம்பில எறிஞ்சால் அந்தக் குண்டுகள் வருசக்கணக்கில கிடக்கும். மற்றக் கன்றுகளின்ர கழுத்தில ஏறின மண்ணையும் பச்சை இலை குழையையும் விலக்குங்கோ. அரைகுறையா உக்கின குழையில அது நல்லா வளரும். அந்த மூலைப் பாத்திக்கு வாய்க்கால்ல கடைசியாத் தண்ணி மாறுங்கோ, அங்கயிருந்து வழிஞ்சு மற்றப் பாத்திக்குப் போகக்கூடாது. அடுத்த போகம் அந்த இடத்தில மிளகாய், தக்காளி, நிலக்கடலை வேண்டாம். வெங்காயமும் இந்தப் பூஞ்சணத்துக்குத் தப்பாது. சோளம் போடுங்கோ.

கிளுவைவேலி

காற்றைப் பற்றி ஒருத்தரும் விரிவாச் சொல்லேல்லை. தென்மேற்குப் பக்கம் என்ன இருக்கு? மதிலோ வேலியோ?

செம்பாட்டான்

மதில். ஆறு அடி. முந்திக் கிளுவையும் பூவரசும் நிண்ட வேலி.

கிளுவைவேலி

அதுதான். மதில் காற்றை நிப்பாட்டும் எண்டு எல்லாரும் நினைக்கினம். முழுசா அடைச்ச சுவரில மோதின காற்று மேலால ஏறி, கொஞ்சத் தூரத்தில சுழண்டு கீழ விழும். விழுற இடத்தில திறந்த வெளியை விடச் சிலவேளை மோசம். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமா இருக்கிற வேலிதான் நல்லது. காற்றின் ஒரு பங்கு வடிஞ்சு வரும், வேகம் குறையும், சுழல் வராது. அப்பிடியான வேலி தன்ர உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குப் பயிரைக் காக்கும். ரெண்டு மீற்றர் வேலி எண்டால் 20 மீற்றர். எங்கட பெரியாக்கள் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை எண்டு கலந்து நட்டது எல்லைக்கு மட்டும் இல்லை. காற்றையும் வடிச்சுது, குழையும் தந்துது. அதை வெட்டிப்போட்டுக் கல்லு அரியிறதைப் பார்க்க உண்மையாவே நெஞ்சு நோகுது.

மதிலை இடிக்கச் சொல்லேல்லை. மதிலுக்கு உள்ளுக்கு ஒரு மீற்றர் தள்ளி, மூண்டடி இடைவெளியில கிளுவைத் தடி ஊண்டுங்கோ, மாரி தொடங்க ஊண்டினால் எல்லாம் தளிர்க்கும். இந்தச் சோளகத்துக்கு அவசரம் எண்டால் பனையோலையை இடைவெளி விட்டுக் கட்டி ஒரு மறைப்பு, மிளகாயை விட ரெண்டு மடங்கு உயரத்தில. கிடுகை நெருக்கி அடைச்சால் அதுவும் மதில்தான். சோளம் ரெண்டு வரிசை நெருக்கி விதைச்சாலும் ஆறு கிழமையில மறைப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை: பூவரசு வேர் தோட்டத்துக்குள்ள வந்து தண்ணியைப் பங்கு கேக்கும். வேலியிலயிருந்து ஒரு மீற்றர் தள்ளி, ரெண்டடி ஆழத்தில வருசத்துக்கு ஒருக்காக் காண் வெட்டி வேரை அறுத்து விடோணும்.

பாத்திகட்டி

இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேசா இறைக்கிறதுதான் இதில பெரிய நட்டம்.

தோட்டத்திலயிருந்து தண்ணி ரெண்டு வழியாப் போகுது. ஒண்டு இலையால, அது பயிருக்கு உழைச்சுப்போட்டுப் போற தண்ணி. மற்றது வெறும் மண் மேற்பரப்பால, அது ஒண்டுக்கும் உதவாது. மண் நனைஞ்ச முதல் ஒண்டு ரெண்டு நாளைக்கு மேற்பரப்பு திறந்த தொட்டி மாதிரி ஆவியாகும். பிறகு மேல் விரலளவு காய்ஞ்சு, அந்தக் காய்ஞ்ச படையே மூடியா நிண்டு வேகத்தைக் குறைக்கும். நீங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நனைச்சால் அந்த மூடி உருவாக விடுறதே இல்லை. அதோட வேரும் மேலுக்கே நிண்டிடும், அடுத்த மத்தியானம் இன்னும் கூட வாடும்.

எவ்வளவு போகுது எண்டு அளக்கலாம், கருவி தேவையில்லை. நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒண்டு எடுங்கோ, வாய் அகலம் எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது. வெங்காயப் பாத்திக்கு நடுவில, சுவரில வெய்யில் படாமல் பாதியளவு மண்ணில புதைச்சு வையுங்கோ. விளிம்பிலயிருந்து ரெண்டு விரல் கீழ வரைக்கும் தண்ணி. காகம் குடிக்காமல் மேல அகலக் கண் வலை. ஒவ்வொரு நாளும் விடிய 7 மணிக்கு அடிமட்டத்தால மட்டம் எவ்வளவு இறங்கினது எண்டு அளந்து, திரும்ப நிரப்பி விடுங்கோ. மூண்டு நாள் சராசரி எடுங்கோ.

அந்த இறக்கத்தை 0.7 ஆல பெருக்குங்கோ, திறந்த தண்ணி பயிரை விட வேகமா ஆவியாகும் எண்டதுக்காக. பிறகு பயிருக்கு ஏத்த எண்ணால. வெங்காயம் முளைச்ச புதுசில 0.7, இலை நிறைஞ்ச காலத்தில 1.05, தாள் சாயிற நேரம் 0.75. மிளகாய் தொடக்கத்தில 0.6, காய்க்கிற காலத்தில 1.05.

உதாரணம். பாத்திரத்தில 8 மில்லிமீற்றர் இறங்கினால் 8 × 0.7 = 5.6, அதை 1.05 ஆல பெருக்க ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில ஒரு மில்லிமீற்றர் எண்டால் ஒரு லீற்றர். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். ஆக ஒரு நாளைக்கு ஒரு பரப்புக்கு 1,518 லீற்றர். மூண்டு நாளைக்கு ஒருக்கா இறைச்சால் 4,554.

பம்ப் எவ்வளவு தருது எண்டு தெரியோணும். 200 லீற்றர்ப் பரல் நிரம்புற நேரத்தைப் பாருங்கோ. 40 செக்கன் எண்டால் நிமிசத்துக்கு 300 லீற்றர். மண் வாய்க்கால்ல நூற்றுக்கு 30 ஊறிப் போகும் எண்டு வைச்சால் 4,554 ஐ 0.7 ஆல வகுக்க 6,506 லீற்றர். ஒரு பரப்புக்கு 22 நிமிசம்.

வயல்கரை

பரப்பு 253 சதுர மீற்றரோ? 24 பரப்பு ஒரு ஏக்கர் எண்டால் 169 தானே வரும்.

பாத்திகட்டி

24 வயல் கணக்கு. தோட்டக் காணிக்கு 16 பரப்பு ஒரு ஏக்கர். உறுதியில எந்தக் கணக்கு எண்டு பார்த்திட்டுப் பெருக்குங்கோ. மாறிப்போனால் தண்ணி அரைவாசி கூடவோ மூண்டில ஒண்டு குறையவோ போகும்.

மூண்டு நாள் இடைவெளியும் எல்லா மண்ணுக்கும் சரி இல்லை. வெங்காய வேர் பெரும்பாலும் ஒரு அடிக்குள்ள. இறைச்சு ரெண்டாம் நாளும் மூண்டாம் நாளும் ஒரு சாண் ஆழத்தில மண் எடுத்துக் கையில பிடியுங்கோ. உருண்டை பிடிச்சால் இன்னும் தண்ணி இருக்கு. பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தால் அண்டைக்கு இறைக்கோணும். கரையோர மணல் எண்டால் ரெண்டு நாளே தாங்காது.

மிளகாய்க்கு மண்ணை மூடுங்கோ. காய்ஞ்ச வைக்கோல் அல்லது புல், நாலு விரல் மொத்தத்துக்கு. துலாமிதி அண்ணை சொன்னபடி கழுத்திலயிருந்து நாலு விரல் தள்ளி. கழுத்தழுகல் வந்த மூலையில இந்தப் போகம் மூடவே வேண்டாம்.

கரையோரக்கிணறு

கணக்கு நல்லது, ஆனால் தண்ணியின்ர உப்பைச் சேர்க்காமல் யாழ்ப்பாணத்தில இந்தக் கணக்கு முடியாது.

இலையால போறது சுத்தத் தண்ணி. உப்பு மண்ணிலயே நிக்கும். லீற்றருக்கு ஒரு கிராம் உப்பு உள்ள கிணத்துத் தண்ணியை, நாளுக்கு 5 மில்லிமீற்றர்ப்படி 90 நாள் பயிர் குடிச்சால், சதுர மீற்றருக்கு 450 கிராம் உப்பு மிச்சம். ஒரு பரப்புக்கு 114 கிலோ. ரெண்டு மூட்டை உப்பைக் கொண்டு வந்து கொட்டினதுக்குச் சமன். அதை மாரி மழைதான் கழுவும். மாரி பிழைச்ச வருசத்துக்குப் பிறகு வெங்காய நுனி கருகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உப்பு மண்ணில கூடினால் ஈரம் இருந்தும் வேரால இழுக்க ஏலாது. மண் நனைஞ்சிருக்கும், பயிர் தாகத்தில நிக்கும். தண்ணியின்ர மின்கடத்துதிறனை அளப்பியுங்கோ, உப்புக் கூடக் கூட அது ஏறும். மண்ணில தேங்கின உப்பை வைச்சுப் பார்த்தால் வெங்காயம் மீற்றருக்கு 1.2 டெசிசீமனுக்கு மேல விளைச்சல் குறையத் தொடங்கும், மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீற்றூட் 4. போஞ்சியும் கரட்டும் 1 இலயே நோகும். தண்ணி உவர் எண்டால் பீற்றூட்டுக்கு மாறுறது தோல்வி இல்லை.

மத்தியானம் இலைக்கு மேலால தெளிக்கக் கூடாது எண்டதுக்கும் இதுதான் உண்மையான காரணம். துளி வில்லை மாதிரி வெய்யிலைக் குவிச்சு எரிக்கும் எண்டு சொல்லுவினம், மிளகாய் மாதிரி மயிர் இல்லாத இலையில அப்பிடி நடக்காது. துளி காய உப்பு இலையில தங்கும், அது எரிக்கும்.

தேவைக்கு மேல இறைக்கிறதும் பிழை. மேலதிகத் தண்ணி யூரியாவிலயிருந்து வாற நைத்திரேற்றைக் கரைச்சுக்கொண்டு சுண்ணக்கல்லுக்குள்ளால திரும்பவும் அதே கிணத்துக்குள்ள போகும். குடிதண்ணியில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் தாண்டக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தோட்டத்துக்கு நடுவில இருக்கிற எத்தினையோ கிணறு அதைத் தாண்டிக் கிடக்கு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறதும் அந்தத் தண்ணியிலதான். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. கடல் தண்ணிக்கு மேல மிதக்கிற நல்ல தண்ணிப் படைதான் எல்லாம். நிலாவரைக் கிணத்தில மேலுக்கு நன்னீர், ஆழத்தில உவர். நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் கணக்குப்படி கீழ உவர் 40 மீற்றர் ஏற இடம் வரும்.

உயர்தரம்_உயிரியல்

ஐயா, ஆவியுயிர்ப்பால, அதாவது இலையால தண்ணி போறதால, இவ்வளவு நட்டம் எண்டால் அதை நிப்பாட்டுறது நல்லது தானே? அண்ணாசி இரவிலதான் இலைவாயைத் திறக்கும் எண்டு படிச்சனாங்கள். அது மாதிரி மிளகாயை ஏன் மூடி வைக்க ஏலாது?

உயிரியல்_வாத்தி

நல்ல கேள்வி, மூன்றாம் கேள்விக்கும் இதுவே விடை. அண்ணாசியும் கற்றாழையும் இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்துப் பகலில் பயன்படுத்தும். மிளகாயிடம் அந்த ஏற்பாடு இல்லை, மூடினால் பட்டினி. மெழுகுப் படலம் போல் மூடும் கரைசல்களை அடித்தாலும் அதேதான், தண்ணீரோடு காபனீரொட்சைட்டும் நிற்கும். பெயர்த்து நடும் கன்றுக்குச் சில நாள் உதவும், காய்க்கும் பயிருக்கு அடிக்க வேண்டாம். பூச்சிக்கென்று கடும் சவர்க்காரத் தண்ணீர் அடிப்பதும் கவனம், வெங்காயத் தாளின் மெழுகு கழன்றால் தோலாலேயே தண்ணீர் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக 2.4 மெகாயூல் வெப்பம் வேண்டும், அதை இலையிடமிருந்தே எடுக்கும். மத்தியானம் நல்ல கன்றின் இலையையும், கழுத்தழுகிய கன்றின் இலையையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கோ. ஒன்று குளிரும், மற்றது சுடும்.

அடுத்தது கல்சியம். அது காழ்க்குழாயில் (வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்) தண்ணீரோடு மட்டுமே ஏறும், இலையிலிருந்து பழத்துக்குத் திரும்பி வராது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவது கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததால். எங்கள் மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்பு, அப்படியிருந்தும் வருகிறது. காரணம் இறைப்பு ஒழுங்கில்லாதது. வாட விட்டு வாட விட்டு இறைத்தால் இருக்கிற கொஞ்சத் தண்ணீரை இலைகள் இழுத்துக்கொள்ளும், காய்க்கு மிஞ்சாது. சுண்ணாம்பு கொட்டுவதால் மாறாது.

பரிசோதனை ஒன்று செய்து பாருங்கோ பிள்ளை. ஒரே அளவான நாலு மாவிலை, காம்போடு. நாலின் காம்பு வெட்டுக்கும் வசலீன் பூசுங்கோ. ஒன்றுக்கு மேற்பக்கம், ஒன்றுக்கு அடிப்பக்கம், ஒன்றுக்கு இரண்டு பக்கமும், ஒன்றைச் சும்மா விடுங்கோ. நூலில் கட்டி நிழலில், காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டு, 0.01 கிராம் காட்டும் தராசில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுங்கோ. மேற்பக்கம் பூசியதும் சும்மா விட்டதும் ஏறத்தாழ ஒரே அளவு இழக்கும், மாவிலைக்கு வாய் அடிப்பக்கம்தான். பிழைப்பது எங்கே என்றால், வசலீனை மெல்லியதாகப் பூசி இடைவெளி விடுவதிலும், காம்பு வெட்டை மூட மறப்பதிலும்.

துலாமிதி

இறந்த பதினைஞ்சு இடத்துக்கும் ஊடு நடாதேங்கோ. மற்ற இடத்தில நடுறதெண்டால்: நாற்று மேடையில நிக்கேக்க கடைசி ஒரு கிழமை தண்ணியைக் குறைச்சு வெய்யிலுக்குப் பழக்கோணும். கிளப்ப ஒரு மணித்தியாலம் முந்தி மேடையை நல்லா நனையுங்கோ, மண்ணோட வரும். வேர் மயிர் அறுந்தால் கன்று ஒரு கிழமைக்குக் குடிக்காது, இலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நட்டு, கீழ் இலை ரெண்டு மூண்டைக் கிள்ளி, பூவரசங் குழையோ கிடுகுத் துண்டோ மேற்குப் பக்கமா ஊண்டி மறையுங்கோ. நாலாம் நாள் விடிய நிமிர்ந்து நிண்டால் மறைப்பை எடுக்கலாம்.

செம்பாட்டான்

பாத்திரம் வைச்சு மூண்டு நாள்: 9, 8, 10. சராசரி 9. வெங்காயம் இலை நிறைஞ்ச பருவம். 9 × 0.7 × 1.05 = 6.6. பரல் 46 செக்கனில நிரம்புது. உறுதியில தோட்டக் கணக்கு. மூண்டாம் நாள் ஒரு சாண் ஆழத்தில உருண்டை பிடிச்சுது, ஆனால் விரலால தட்ட உடையுது.

பாத்திகட்டி

6.6 × 253 × 3 = 5,009. வாய்க்கால் நட்டத்தோட 7,156. உங்கட பம்ப் நிமிசத்துக்கு 261. அப்ப ஒரு பரப்புக்கு 27 நிமிசம், மூண்டு பரப்புக்கும் 82. தட்ட உடையுது எண்டால் மூண்டாம் நாளே சரியான நாள், நாலுக்குத் தள்ள வேண்டாம். தலை வாய்க்காலுக்குப் பொலித்தீன் விரிச்சால் அதில ஊறுறது நிக்கும். அதுக்குப் பிறகு ஒரு பாத்தி நிரம்புற நேரத்தைத் திரும்ப அளந்து, வாய்க்கால் நட்டத்துக்கு வகுத்த 0.7 ஐ மாத்திப் போடுங்கோ.